கடைசி இடத்திலிருந்து: சென்னை அணியை மாற்றியது சரியா?



இந்த வாரம் சரித்திரப் பதிவு ஏன் வரவில்லை என்று இரண்டு பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். திருமலை நாயக்கர் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டது. வழக்குப் போட்டவன் என் தங்கையின் பேரன். ஆறாம் வகுப்பு படிக்கிறான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் அவனுக்கு எல்லாமே ரவீந்திர ஜடேஜாதான். முதுகில் 8 என்று எண் போட்ட மஞ்சள் பனியனைப் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் போட்டுக்கொண்டு திரிவான். நவம்பர் 15-ஆம் தேதி ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், அந்தப் பனியனை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை நாகமலைக்கு வந்தவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"தாத்தா, ஜெயிச்சுக் கொடுத்தவரையே வெளியே அனுப்பலாமா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதே சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்சி, "கடைசி இடத்துக்கு வந்த அணியை அப்படியே வைத்திருக்க முடியுமா?" என்கிறது. இன்னொரு கட்சி, "அனுபவம் உள்ளவர்களை விரட்டிவிட்டு, பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு 14 கோடி கொடுப்பதா?" என்கிறது. நான் கிரிக்கெட் நிபுணன் இல்லை. ஆனால் நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: சண்டை வந்தால் முதலில் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். பாதி சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். அதைத்தான் இங்கே செய்யப் போகிறேன்.

2008 பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் முதல் ஐபிஎல் ஏலம் நடந்தது. சென்னை அணி தோனியை 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த ஏலத்தில் அதுதான் மிக அதிக விலை. அந்த வருடமே சென்னை இறுதி ஆட்டத்துக்குப் போய், கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் தோற்றது. நம்மைத் தோற்கடித்த அந்த ராஜஸ்தான் அணியில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ரவீந்திர ஜடேஜா. இப்போது அவர் போயிருப்பது அதே ராஜஸ்தானுக்குத்தான். பேரனிடம் இதைச் சொன்னபோது, "நிஜமாவா தாத்தா?" என்று கண்ணை அகல விரித்தான். பிறந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறார் என்றேன். கொஞ்சம் சமாதானம் ஆனான். முழுதாக இல்லை.

2008 முதல் 2015 வரை எட்டு ஆண்டுகள். எட்டிலும் சென்னை முதல் நான்கு இடங்களுக்குள் வந்தது. 2010, 2011 இரண்டு வருடமும் கோப்பை. ஜடேஜா 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார். பிறகு இரண்டு ஆண்டுத் தடை. 2018-ல் திரும்பி வந்தபோது முப்பது வயதைத் தாண்டியவர்கள் நிறைய இருந்ததால், 'அப்பாக்கள் படை' என்று கேலி செய்தார்கள். அந்த அப்பாக்கள்தான் கோப்பையைத் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் வாட்சன் 57 பந்தில் 117 ரன் எடுத்தது பலருக்கு நினைவிருக்கும்.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். "அனுபவம் இருந்தால் போதும், பழைய ஆட்களை நம்பினால் போதும்" என்ற பாடத்தைச் சென்னை அணி 2018-ல் படித்தது. அந்தப் பாடம் அன்றைக்குச் சரி. ஒரு பாடம் ஒரு காலத்தில் சரியாக இருந்தது என்பதே பின்னால் கண்ணை மறைக்கும். இதை எத்தனை அரச வம்சங்களின் கதையில் நாம் படித்திருக்கிறோம்!

இனி தோல்விகளுக்கு வருவோம். பெரிய தோல்விகள் மூன்று.

முதல் தோல்வி 2020. கொரோனா காலம். ஆட்டங்கள் எல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்தில். ரெய்னா விளையாடாமலே ஊர் திரும்பினார். சென்னை ஏழாவது இடம். பிளே-ஆஃப் பார்க்காத முதல் வருடம் அதுதான். எல்லாம் போன பிறகு, கடைசி மூன்று ஆட்டங்களில் ருதுராஜ் கெய்க்வாட் என்ற இளைஞருக்குத் தொடர்ந்து வாய்ப்புக் கொடுத்தார்கள். மூன்றிலும் அரைச்சதம். மூன்றிலும் சென்னைக்கு வெற்றி.

அடுத்து வந்த இடைவெளியில் அணியைத் தலைகீழாக மாற்றவில்லை. ஹர்பஜன், கேதார் ஜாதவ், முரளி விஜய், பியூஷ் சாவ்லா ஆகியோரை விட்டார்கள். வாட்சன் ஓய்வு பெற்றார். மொயீன் அலியை 7 கோடிக்கு வாங்கினார்கள். ராபின் உத்தப்பா ராஜஸ்தானிலிருந்து வந்தார். கிருஷ்ணப்பா கௌதமை 9.25 கோடிக்கு வாங்கினார்கள். இந்திய அணிக்கு ஆடாத ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை அது. 2021-ல் கோப்பை சென்னைக்கு. அந்த ஆண்டு மிக அதிக ரன் எடுத்தவர் யார்? 635 ரன்களுடன் அதே ருதுராஜ். 9.25 கோடி கௌதம்? ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

இரண்டாவது தோல்வி 2022. ஆட்டங்கள் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தோனி தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்தார். எட்டு ஆட்டம் முடிந்ததும் ஜடேஜா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 14 ஆட்டத்தில் நான்கே வெற்றி. ஒன்பதாவது இடம். ஆனால் அந்த வருடத்தின் பின்பாதியில் டெவன் கான்வே என்ற நியூசிலாந்துக்காரர் அரைச்சதமாக அடித்துக்கொண்டிருந்தார். ஆடம் மில்ன் காயப்பட்டதால் அவர் இடத்துக்கு இலங்கையிலிருந்து மதீஷ பத்திரன என்ற இளைஞர் வந்து இரண்டே ஆட்டம் ஆடினார்.

அடுத்த ஏலத்தில் பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு வாங்கினார்கள். அவர் ஆடியது இரண்டு ஆட்டம். ரஹானேயை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவர் 326 ரன் அடித்தார், அதுவும் அவரா இவர் என்று கேட்கும் வேகத்தில். கான்வே 672 ரன். பத்திரன 19 விக்கெட். கோப்பை மறுபடியும் சென்னைக்கு. அகமதாபாத் இறுதி ஆட்டத்தில், மழை விட்டு, நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்தது ஜடேஜாதான். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். பேரன் கேட்ட "ஜெயிச்சுக் கொடுத்தவர்" என்பது அந்த இரவு. அன்றைக்கு அவனுக்கு எட்டு வயது இருக்கும். விழித்திருந்து பார்த்தான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு விஷயம் தெரியும். பெரிய விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்கியவர்கள் கோப்பையைத் தரவில்லை. சில்லறை விலைக்கு வந்த பெரியவர்கள் உதவினார்கள். ஆனால் வெற்றிக்கு விதை, தோற்ற வருடத்தின் கடைசிப் பக்கங்களிலேயே கிடைத்திருந்தது. தோற்றுக்கொண்டிருக்கும்போது, "இனி இழக்க என்ன இருக்கிறது" என்று புதிய பையனை இறக்கிவிட்டார்கள். அவன்தான் அடுத்த வருடம் தோள் கொடுத்தான்.

ஆனால் இரண்டு முறை ஜெயித்ததும் அணி எதை நினைவில் வைத்துக்கொண்டது? "நாங்கள் அவசரப்பட்டு மாற்றவில்லை, பொறுமையாக இருந்தோம், அதனால் ஜெயித்தோம்" என்பதைத்தான். இளைஞர்களை இறக்கியதால் ஜெயித்தோம் என்பது பின்னுக்குப் போய்விட்டது. தேர்வில் சரியான விடையை எழுதிவிட்டு, அதற்குத் தவறான காரணம் சொல்லும் மாணவனைப் போல. அவன் அடுத்த தேர்வில் மாட்டிக்கொள்வான்.

மாட்டிக்கொண்டது 2025-ல். முந்தைய நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் அஸ்வினுக்கு 9.75 கோடி. திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் என்று பல ஊர் பார்த்தவர்களாக எடுத்தார்கள். 2018-ன் சூத்திரம் அப்படியே. ஆனால் அதற்குள் ஆட்டம் மாறிவிட்டது. முதல் ஆறு ஓவரில் அடித்து நொறுக்குவது எல்லா அணிக்கும் வழக்கமாகிவிட்டது. நம் ஆட்கள் 2018 வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அந்த வருடம்தான். டெல்லிக்கு 2010-க்குப் பிறகு அங்கே முதல் வெற்றி. ஹைதராபாத்துக்கு அங்கே எப்போதுமே கிடைக்காத வெற்றி கிடைத்தது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஐந்து தோல்வி. ருதுராஜுக்கு முழங்கையில் காயம். முடிவில் 14 ஆட்டத்தில் நான்கு வெற்றி. பத்தாவது இடம், வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி.

ஆனால் இந்த முறையும் கடைசிப் பக்கங்களில் ஏதோ எழுதியிருந்தது. 17 வயது ஆயுஷ் மாத்ரே நடுவில் வந்து பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தான். தென்னாப்பிரிக்காவின் பிரெவிஸ் வந்தார். உர்வில் படேல் வந்தார். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் அடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இப்போது நடந்த மாற்றங்களைப் பாருங்கள். ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, பதிலுக்குச் சஞ்சு சாம்சன் சென்னைக்கு. கான்வே, ரச்சின், திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர், பத்திரன எல்லோரையும் விட்டார்கள். டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி. இந்திய அணிக்கு ஆடாத யாருக்கும் இதுவரை இவ்வளவு கொடுத்ததில்லை. மாத்ரே, பிரெவிஸ், உர்வில் மூவரும் அணியில் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பு: மாற்றியது சரி. மூன்றாவது முறையும் அதே சூத்திரத்தைப் போட்டுவிட்டு வேறு விடையை எதிர்பார்க்க முடியாது. மாத்ரேயையும் பிரெவிஸையும் வைத்துக்கொண்டது அதைவிடச் சரி. 14 கோடிப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அவர்கள் திறமையைச் சந்தேகித்து அல்ல. கௌதமையும் ஸ்டோக்ஸையும் நினைத்து. விலைச்சீட்டு ரன் அடிக்காது. 20 வயதுப் பையன் தலையில் 14 கோடியை ஏற்றி, "நீதான் அடுத்த ஜடேஜா" என்றால் அவன் எப்படி மூச்சுவிடுவான்? பத்திரனவை விட்டதும் எனக்கு உறுத்துகிறது. 2022-ல் கண்டெடுத்த விதை அது. கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் பெரிய ஊர்க் கதை, நம்ம ஊருக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நம் மதுரைக் கதையையும் சொல்கிறேன். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை அணி 2016, 2017 இரண்டு வருடமும் பட்டியலின் அடியில் கிடந்தது. 'மதுரை சூப்பர் ஜெயன்ட்' என்று பெயர், ஆட்டம் மட்டும் பூனைக்குட்டி. 2018-ல் உரிமையாளர் மாறினார், பெயர் மதுரை பாந்தர்ஸ் ஆனது, ஆட்களும் மாறினார்கள். வந்தவர்களில் ஒருவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்துவிட்டு, அந்த வேலையை விட்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல் சுழற்பந்துக்கு வந்தவர். முந்தைய வருடம் காரைக்குடி அணியில் அவருக்குப் பெரிதாக வாய்ப்பு இல்லை. மதுரைக்காக ஓவருக்கு ஐந்து ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்து 9 விக்கெட் எடுத்தார். ஆகஸ்ட் 12-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். திண்டுக்கல் 117-க்கு ஆட்டமிழந்தது. நம் அணிக்குத் தொடக்கத்திலேயே மூன்று விக்கெட் போய்விட்டது. அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் நின்று ஆடி ஜெயித்துக் கொடுத்தார்கள். அருண் கார்த்திக் 75, கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. அடிமட்டத்திலிருந்து நேரே கோப்பை! அந்த டிசம்பரிலேயே வருணைப் பஞ்சாப் அணி 8.40 கோடிக்கு வாங்கியது. பின்னாளில் அவர் இந்திய அணிக்கும் ஆடினார். மாற்றம் என்றால் பெயர்ப்பலகையை மாற்றுவது மட்டுமல்ல, யாரும் கவனிக்காத ஒருவருக்குப் பந்தைக் கொடுப்பதும்தான்.

அதற்காக மாற்றம் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், "சார், எங்க ஊர் பேஸ்பால் கதை தெரியுமா?" என்று முன்பு ஒரு முறை சொன்னார். பிறகு தேடிப் படித்தேன். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918-ல் பட்டம் வென்ற அணி. 1919-ல் தடுமாறியது. அந்த இடைவெளியில் பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்டது. காரணம் பணம். 1919-ல் 29 ஹோம் ரன் அடித்தவர், நியூயார்க்குக்குப் போன முதல் வருடமே 54 அடித்தார். பாஸ்டன் அடுத்த பட்டத்தை வென்றது 2004-ல். 86 ஆண்டுகள்! அதை ஒரு சாபம் என்றே அந்த ஊரில் சொல்வார்களாம். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ஏன் தோற்றோம் என்று கேட்காமல், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு எடுத்த முடிவு அது. அவ்வளவுதான்.

இனி பேரனுடைய கேள்வி. "ஜெயிச்சுக் கொடுத்தவரையே அனுப்பலாமா?" இதற்கு ஆண்டுக் கணக்கில் விடை இல்லை. அதனால் என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1998 வாக்கில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. சரித்திரப் பாடம் எடுத்த நானே கபடி அணியையும் பார்த்துக்கொண்டேன். ஒரு பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே எங்களுக்குப் பாடிப் போகிறவன். இரண்டு வருடம் குறுவட்டப் போட்டியில் அவனால்தான் தலை நிமிர்ந்தோம். எட்டாம் வகுப்பில் முழங்காலில் அடிபட்டு, பழைய வேகம் போய்விட்டது. ஏழாம் வகுப்பில் மின்னல் மாதிரி ஒருவன் வந்திருந்தான். மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றினேன். ஆனால் எப்படி மாற்றினேன்? ஒரு தாளில் 12 பெயரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, வகுப்புக்குப் போய்விட்டேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவன் அன்றைக்குப் புது டவுசரைத் துவைத்துப் பையில் கொண்டுவந்திருந்தான். பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான்கு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

ஐந்தாம் நாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. அவன் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னான்: "சார், நீங்க கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நானே வெளிய நின்னிருப்பேன் சார்."

அந்த வருடமும் நாங்கள் ஜெயித்தோம். என் முடிவு சரி. நான் நடந்துகொண்டது சரியில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது பதிமூன்று வயதுப் பையன்.

அதனால்தான் சென்னை அணி விஷயத்திலும் நான் முதலில் கவனித்தது விலையை அல்ல. 2022 ஏலத்தில் ரெய்னாவை எந்த அணியும் வாங்கவில்லை, சென்னையும் வாங்கவில்லை. 'சின்னத் தல' என்று கொண்டாடிய ஊர். கணக்கில் அது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் பலருக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை, ஜடேஜாவிடம் பேசி, அவரும் சம்மதித்த பிறகே இந்தப் பரிமாற்றம் நடந்தது என்று நிர்வாகி காசி விஸ்வநாதன் சொன்னார். ஆட்டக்காரர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று விதியும் இருக்கிறது. விதி இருப்பதால் பேசுவது வேறு, மனது இருப்பதால் பேசுவது வேறு. எப்படி இருந்தாலும், கூப்பிட்டுப் பேசியது நல்லது.

இதில் மிச்சம் இருப்பவர் தோனி. 44 வயது. அக்டோபர் 9-ஆம் தேதி நம் மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தைத் திறந்துவைக்க வந்திருந்தார். அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் என் மாணவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அடுத்த வருடமும் ஆடப் போகிறார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஓய்வுத் தேதியை அரசாங்கமே குறித்துக் கொடுத்துவிடும். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஆட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவரேதான் தேதி குறிக்க வேண்டும். அவரிடமும் யாராவது உட்கார்ந்து, மரியாதையாக, நேருக்கு நேர் பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அனுப்பலாம் கண்ணு. ஆனா சொல்லிட்டு அனுப்பணும். அவர் செஞ்சதை மறக்கக் கூடாது." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அந்தப் பனியனை நான் போட்டுக்கலாமா?" என்றான். தாராளமாகப் போட்டுக்கொள் என்றேன். சாயங்காலம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

கபடிப் பையன் இன்று நல்ல நிலையில் இருக்கிறார். இந்தப் பதிவையும் படிப்பார். பெயர் சொல்ல மாட்டேன். தம்பி, அன்றைக்கு மோர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

திருமலை நாயக்கர் அடுத்த வாரம் கட்டாயம் வருவார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
நாகமலை புதுக்கோட்டை